பணம் கட்டி சீட்டா, ரிசர்வ் இடமா, வேறு பந்தயமா? எஃப்-1 வாசலில் நிற்கும் டிரைவருக்கு மூன்று வழிகள்

"எப்படியாவது ஸ்பான்சர் பிடித்து, கடைசி வரிசை அணியிலாவது ஒரு எஃப்-1 (ஃபார்முலா ஒன்) சீட் வாங்கிவிடுவது நல்லதா? பெரிய அணியில் மாற்று ஆளாக, ரிசர்வ் டிரைவராகக் காத்திருப்பது நல்லதா? இரண்டும் வேண்டாம் என்று அமெரிக்காவின் இண்டிகார், ஜப்பான் பந்தயங்கள் பக்கம் போய்விடலாமா?"

இதை என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு ஆண்டும் டிரைவர் மாற்றச் செய்திகளைப் பார்த்துக் கொதிக்கும் ரசிகர்கள். இன்னொன்று, செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பிள்ளையின் கார்ட் (சிறிய பந்தய வண்டி) பக்கத்தில் வெயிலில் நிற்கும் பெற்றோர். அவர்களுக்கு இந்த முடிவு பத்து ஆண்டு தள்ளி இருக்கிறது. ஆனால் நிலத்தை விற்கலாமா என்று இன்றைக்கு யோசிப்பவர்களுக்கு, அந்தப் பத்தாவது ஆண்டில் என்ன காத்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2010 நவம்பரில் வில்லியம்ஸ் அணியில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பிரேசிலின் இன்டர்லாகோஸில், காய்ந்துகொண்டிருந்த ஈரத் தளத்தில், நிகோ ஹல்கன்பெர்க் என்ற 23 வயதுப் புதியவர் தகுதிச்சுற்றில் மற்ற எல்லோரையும்விட ஒரு விநாடிக்கும் மேல் வேகமாக ஓட்டி முதலிடம் பிடித்தார். அடுத்த சில நாட்களில் அவருக்கு வேலை போனது. பெரிய ஸ்பான்சர்கள் சிலர் அந்த ஆண்டோடு வில்லியம்ஸை விட்டு விலகினார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்தது வெனிசுவேலாவின் அரசு எண்ணெய் நிறுவனமான பிடிவிஎஸ்ஏ. அதனோடு வந்தவர் பாஸ்டர் மால்டொனாடோ. அவரும் சும்மா வரவில்லை, எஃப்-1க்கு அடுத்த கீழ்ப்படியாக அன்றிருந்த ஜிபி2 தொடரின் அந்த ஆண்டுச் சாம்பியன். ஒரே சீட்டிலிருந்து இருவர் இரண்டு திசையில் பிரிந்தார்கள். மால்டொனாடோ பணத்தோடு உள்ளே போனார். ஹல்கன்பெர்க் 2011இல் ஃபோர்ஸ் இந்தியாவில் ரிசர்வ் ஆனார்.

மால்டொனாடோ 2012இல் பார்சிலோனாவில் முதலிடத்திலிருந்து கிளம்பி வென்றார். வில்லியம்ஸ் அணி அதன் பிறகு ஒரு பந்தயமும் வெல்லவில்லை. ஆனால் 2016 தொடங்குமுன் எண்ணெய் விலை சரிந்து, பிடிவிஎஸ்ஏவின் பணம் வந்து சேராமல், ரெனோ அணியில் அவருக்கிருந்த சீட் போனது. அதற்குப் பின் அவர் எஃப்-1 பந்தயம் ஓட்டவில்லை. ஹல்கன்பெர்க் 2025இல் சில்வர்ஸ்டோனில், தன் 239வது பந்தயத்தில், 19வது இடத்திலிருந்து கிளம்பி மூன்றாவதாக வந்து முதல்முறை மேடை ஏறினார். வெற்றி மால்டொனாடோவிடம் இருக்கிறது. தொழில் ஹல்கன்பெர்க்கிடம் இருக்கிறது. இந்த இரண்டில் எது வேண்டும் என்பதைக் குடும்பம் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர் உண்மையான காரில் ஓட்டக் கிடைக்கும்? சிமுலேட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பக்கத்துக் காரில் யார்? அணி மேலாளர்கள் ஒரு டிரைவரை அளக்க வைத்திருக்கும் முதல் அளவுகோல் டீம்மேட்தான். கார் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

பணம் நின்றால் என்ன ஆகும்? ஸ்பான்சர் விலகலாம், நாட்டின் அரசியல் மாறலாம், அணியே மூடலாம்.

இந்த வழியில் போனால் எந்தக் கதவு பின்னால் சாத்திக்கொள்ளும்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன் ஒரு நிபந்தனை இருக்கிறது: எஃப்-1 ஓட்டத் தேவையான உரிமமான சூப்பர் லைசென்ஸ். மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். எஃப்-1க்கு அடுத்த கீழ்ப்படியான எஃப்-2இல் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் ஒரே ஆண்டில் 40 கிடைக்கும். எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் இதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. "காசு இருந்தால் யாரும் ஓட்டலாம்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

## முதல் வழி: பணம் கட்டி சீட்

மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லூரியில் பணம் கட்டினால் நான்கு ஆண்டு இடம் உறுதி. இங்கே நான்கு மாதம்கூட உறுதி கிடையாது.

இந்த வழியில் போய் ஜெயித்தவர்களைச் சொல்லும்போது எல்லோரும் நிக்கி லௌடாவில்தான் தொடங்குவார்கள். வசதியான குடும்பம், ஆனால் குடும்பம் உதவ மறுத்தது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்கி, 1971இல் மார்ச் அணிக்குள் நுழைந்தார். 1972இல் அவர்களுடைய கார் படுமோசம். மறுபடியும் கடன் வாங்கி 1973இல் பிஆர்எம் போனார். அதுவும் முன்னணிக் கார் அல்ல. ஆனால் அங்கே டீம்மேட் கிளே ரெகாசோனி, ஏற்கெனவே ஃபெராரியில் ஓட்டியவர். ரெகாசோனி ஃபெராரிக்குத் திரும்பியபோது லௌடாவைப் பற்றி அங்கே கேட்டார்கள்; அவர் நல்லபடியாகச் சொன்னார். 1974இல் லௌடா ஃபெராரியில். 1975, 1977, 1984 என்று மூன்று முறை உலக சாம்பியன். அவர் கடன் வாங்கி வாங்கியது ஒரு காரை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ரெகாசோனிக்குப் பக்கத்து இடத்தை வாங்கினார்.

ஷூமாக்கரும் இப்படித்தான் தொடங்கினார். 1991இல் ஜோர்டான் டிரைவர் பெர்ட்ரான்ட் காஷோ லண்டனில் ஒரு டாக்ஸி ஓட்டுநரோடு நடந்த தகராறில் சிறை போக, பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்துக்கு இடம் காலியானது. மெர்சிடிஸ் 1,50,000 டாலர் கட்டி ஷூமாக்கரை உட்கார வைத்தது. தகுதிச்சுற்றில் ஏழாவது, அனுபவசாலியான டீம்மேட் ஆண்ட்ரியா டி செசாரிஸ் பின்னால். பந்தயத்தில் முதல் சுற்றிலேயே கிளட்ச் போய்விட்டது. ஆனால் அந்த ஒரு தகுதிச்சுற்று போதும். அடுத்த பந்தயத்தில் அவர் பெனெட்டனில் இருந்தார்.

இனி நம்மவர்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

சென்னையின் கருண் சந்தோக் 2010இல் எச்ஆர்டி என்ற புது அணியில் சேர்ந்தார். சீசனுக்கு முன் அந்தக் கார் ஒரு கிலோமீட்டர்கூடச் சோதனை ஓட்டம் ஓடவில்லை. பஹ்ரைனில் அவருடைய கார் தயாராகவே இல்லை. அவர் அதில் முதல்முறையாகத் தளத்துக்கு வந்தது தகுதிச்சுற்றில். உலகமே பார்க்கும்போது கார் எப்படித் திரும்புகிறது என்று கற்றுக்கொள்ள வேண்டிய நிலை. பத்துப் பந்தயம் ஓட்டினார். பிறகு ஜெர்மனிப் பந்தயத்திலிருந்து அந்த சீட் சகோன் யமமோட்டோவுக்குப் போனது.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், டாடாவின் ஆதரவோடு 2011இல் அதே எச்ஆர்டிக்குப் போனார். மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்திலேயே, அணியின் இரண்டு கார்களும் 107 சதவீத விதியை (தகுதிச்சுற்றின் வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும்) தாண்ட முடியாமல் பந்தயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. 2012 மெல்போர்னிலும் அதே கதை. சீட் கையில் இருந்தும் கிரிட்டில், அதாவது பந்தயம் கிளம்பும் வரிசையில், நிற்க முடியாத நிலை அது. 2011இல் எட்டுப் பந்தயம் முடிந்ததும் ரெட் புல் தன் இளம் டிரைவர் டேனியல் ரிக்கியார்டோவை அந்த சீட்டில் உட்கார வைத்தது. அதாவது, பணத்தால் கிடைத்த சீட்டை அதைவிடப் பெரிய இடத்திலிருந்து வந்தவர் எடுத்துக்கொண்டார். அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீக்கு (எஃப்-1 பந்தயங்களின் பெயர் அது) நரேன் திரும்ப வந்தார். 17வதாக முடித்தார். அவருக்கு அடுத்து, 18வதாக, ரிக்கியார்டோ. பின்னாளில் எட்டு கிராண்ட் பிரீ வென்ற அதே ரிக்கியார்டோதான். ஆனால் எச்ஆர்டியின் வால் பகுதியில் நடந்த அந்த அளவீட்டை அன்றைக்கு யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2012 முடிவில் அணியே மூடியது.

கொஞ்சம் வேகமாகச் சில பெயர்கள். பெட்ரோ டினிஸ் தன்னோடு வந்த ஸ்பான்சர்களின் பலத்தில் 1995 முதல் 2000 வரை ஓட்டி 10 புள்ளிகள் எடுத்தார். லான்ஸ் ஸ்ட்ரோல் 18 வயதில் பாகுவில் மேடை ஏறியவர், திறமை உண்டு. ஆனால் 2018இல் அவர் அப்பாவின் குழு ஓர் அணியையே வாங்கியது, ஆகவே அவர் கதை யாருக்கும் வழிகாட்டியாகாது. செர்ஜியோ பெரெஸ் மெக்சிகோவின் டெல்மெக்ஸ் பணத்தோடு 2011இல் சாபருக்கு வந்து, கடைசியில் ஆறு கிராண்ட் பிரீ வென்றார். பணத்தோடு வந்தவர் என்ற பெயர் ஒருவருக்கு எவ்வளவு காலம் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு அவர்தான் உதாரணம். முதல் வெற்றி 2020 டிசம்பரில் வந்தது, அறிமுகமாகிப் பத்தாவது ஆண்டில்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். ஸ்பான்சர் உங்கள் பெயரில் கட்டுகிறார், ஆனால் அவர் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள். ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின், 2022 மார்ச்சில் ஹாஸ் அணி ரஷ்ய ஸ்பான்சர் யுரால்கலியின் ஒப்பந்தத்தையும், அதன் பணத்தோடு வந்த டிரைவர் நிகிதா மசெபினையும் ஒரே அறிவிப்பில் நீக்கியது. அடுத்தது, இன்றைய விதிப்படி வெள்ளிக்கிழமை முதல் பயிற்சி ஓட்டத்தில் புதியவர்களுக்கு ஒதுக்கும் வாய்ப்பு, இரண்டு பந்தயத்துக்கு மேல் ஓட்டாதவர்களுக்கு மட்டும்தான். எட்டுப் பந்தயம் ஓட்டிவிட்டு வெளியே வந்தால் நீங்கள் புதியவரும் அல்ல, நிரூபித்தவரும் அல்ல. அதோடு, நீண்டதூரப் பந்தயங்களில் டிரைவர்களுக்குக் கீழிருந்து மேலாக வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் உண்டு. வேகமான வெள்ளி டிரைவரை அணிகள் தேடி அலையும். எஃப்-1 ஓட்டியவருக்கு மேல் தரம் வந்துவிடும். அந்த வெள்ளி இடம் அவருக்குக் கிடைக்காது.

இந்த வழி எப்போது சரி? அணிக்கு அடுத்த ஆண்டும் பணம் இருப்பது உறுதியாகத் தெரிய வேண்டும். டீம்மேட் மதிக்கப்படும் ஆளாக இருக்க வேண்டும். உங்கள் பணம் குறைந்தது இரண்டு சீசனுக்குக் கையில் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

## இரண்டாம் வழி: ரிசர்வ், டெஸ்ட் டிரைவர்

இந்த வழியைப் பற்றிப் பேசும்போது 2009ஐக் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் டெஸ்ட் டிரைவர் என்றால் உண்மையிலேயே டெஸ்ட் டிரைவர். பந்தயங்களுக்கு நடுவே கார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அலோன்சோ 2001இல் மினார்டியில் ஓட்டிவிட்டு, 2002 முழுக்க ரெனோவில் டெஸ்ட் டிரைவராக இருந்து, 2003இல் அதே அணியில் பந்தய சீட்டில் உட்கார்ந்து அந்த ஆண்டே வென்றார். 2009இல் சீசன் நடுவே சோதனை ஓட்டம் தடை செய்யப்பட்டது. அதன்பின் ரிசர்வ் என்பது பெரும்பாலும் சிமுலேட்டர் அறை, விமானப் பயணம், ஸ்பான்சர் விருந்து என்று ஆகிவிட்டது.

அப்படியும் ஹல்கன்பெர்க்குக்கு அது எப்படிப் பலித்தது? ஃபோர்ஸ் இந்தியா 2011இல் பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் அவரைக் காரில் ஏற்றியது. 2012இல் சீட்டே கொடுத்தது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய ஓட்டங்கள்தான் ரிசர்வ் வேலைக்கு மதிப்பு.

இன்று வாய்ப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. 2025 முதல் ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு நான்கு முதல் பயிற்சி ஓட்டங்களைப் புதியவர்களுக்குத் தர வேண்டும். பழைய ஆண்டுக் கார்களிலும் இளையவர்களை ஓட்டச் செய்யலாம். மாற்று ஆளாக ஒரு பந்தயம் கிடைத்தால் வாழ்க்கையே திரும்பும். 2022 மோன்சாவில் வில்லியம்ஸ் டிரைவர் ஆல்பனுக்குக் குடல்வால் அறுவை. நிக் டி வ்ரீஸ் ஏறி ஒன்பதாவதாக வந்து அடுத்த ஆண்டு ஆல்ஃபாடாரி சீட் பெற்றார். 2024 ஜெட்டாவில் ஃபெராரி டிரைவர் சைன்ஸுக்கும் அதே குடல்வால். 18 வயது ஆலிவர் பேர்மன் ஃபெராரியில் ஏழாவது, மறு ஆண்டு ஹாஸ் சீட்.

ஆனால் காத்திருப்பு பலருக்கு வீணாகவும் போகிறது. ஃபெலிப் ட்ரூகோவிச் 2022 எஃப்-2 சாம்பியன். மூன்று ஆண்டு ஆஸ்டன் மார்ட்டினில் ரிசர்வ். ஒரு கிராண்ட் பிரீகூட ஓட்டக் கிடைக்காமல் மின்சாரக் கார் தொடரான ஃபார்முலா ஈ பக்கம் போனார். அடுத்த ஆண்டு சாம்பியன் தியோ பூர்ஷேருக்கும் எஃப்-1 கதவு திறக்கவில்லை. எஃப்-2 பட்டியலில் ஒவ்வோர் ஆண்டும் புதிய பெயர் முதலிடத்துக்கு வருகிறது. காத்திருப்பவரின் பெயர் ஒரு படி கீழே இறங்குகிறது. இதுதான் இந்த வழியின் மறைமுக விலை. என் கணக்கில் ரிசர்வ் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது ஆண்டுக்கு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டாலும், அந்த ஆண்டு வேறொரு தொடரில் பந்தயம் ஓட்ட அனுமதி இருக்க வேண்டும். லியாம் லாசன் 2023இல் ரெட் புல் ரிசர்வாக இருந்துகொண்டே ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் பட்டத்துக்குப் போட்டியிட்டார். அதனால்தான் ஆகஸ்டில் திடீர் அழைப்பு வந்தபோது கை சூடாக இருந்தது.

## மூன்றாம் வழி: வேறு பெரிய தொடர்

கமுய் கோபயாஷியைப் பாருங்கள். 2012இல் சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன் ஜப்பானின் சுஸுகாவில் மூன்றாவதாக வந்தவர். அந்த ஆண்டு முடிவில் சீட் போனது. சாபரில் இடம் பிடித்தவர் மெக்சிகோ ஆதரவோடு வந்த குட்டியரெஸ். ஜப்பானிய ரசிகர்கள் காசு சேர்த்துக் கொடுத்தும் 2013க்கு நல்ல சீட் கிடைக்கவில்லை. 2014இல் கேட்டர்ஹாம் அணிக்குப் போனார். அந்த அணியும் முடங்கியது. பிறகு டொயோட்டாவோடு நீண்டதூரப் பந்தயத்துக்குப் போய் 2021இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். உலகப் பட்டங்கள் வென்றார். 2022 முதல் ஓட்டிக்கொண்டே அணித் தலைவராகவும் இருக்கிறார்.

மார்கஸ் எரிக்ஸன் எஃப்-1இல் ஐந்து ஆண்டு, 97 பந்தயம், 18 புள்ளிகள். பணத்தோடு வந்தவர் என்ற முத்திரை. 2022இல் இண்டிகாரின் பெரிய பந்தயமான இண்டியானாபோலிஸ் 500 வென்றார். பணத்தோடு வந்தவர்களுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்பவர்கள் இவருக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

நம்மவர்களும் இப்படிப் போனார்கள். கருண் 2012இல் லே மான்ஸ் ஓட்டிய முதல் இந்தியராகி, அணியோடு ஒட்டுமொத்தத்தில் ஆறாவது வந்தார். நரேன் 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டினார். எச்ஆர்டி காலத்தைவிட அந்த ஆண்டுகளில்தான் அவர்கள் டிரைவர்களாக ஓட்டினார்கள் என்பது என் எண்ணம்.

இங்கேயும் பணம் இல்லாமல் இல்லை. இண்டிகாரில் பல சீட்டுகள் விலைக்குத்தான். பூர்ஷேர் 2024இல் அங்கே ஒரு முன்னணி அணியில் சில பந்தயங்கள் ஓட்டிய பிறகு, சீசன் நடுவே வேறொருவருக்காக விலக்கப்பட்டார். பெரிய கார் நிறுவனங்களின் ஹைப்பர்கார் (நீண்டதூரப் பந்தயத்தின் உச்சப் பிரிவு), ஃபார்முலா ஈ அணிகளில்தான் சம்பளம் வழக்கம். மறைந்த செலவு, திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. 2022இல் ரெட் புல் தன் துணை அணியான ஆல்ஃபாடாரிக்கு இண்டிகாரிலிருந்து கோல்டன் ஹெர்ட்டாவைக் கேட்டது. பந்தயங்கள் வென்றவர், ஆனால் சூப்பர் லைசென்ஸ் புள்ளிகள் போதவில்லை, விலக்கும் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்துக்குத்தான் டி வ்ரீஸ் போனார்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | பணம் கட்டிய சீட் | ரிசர்வ் | வேறு தொடர் |
|---|---|---|---|
| ஓடும் தூரம் | அதிகம், கார் கிரிட்டில் நின்றால் | மிகக் குறைவு. எழுதி வாங்கியது மட்டும் | அதிகம் |
| அளவுகோல் | டீம்மேட்டைப் பொறுத்தது | கிட்டத்தட்ட இல்லை | உண்டு; எஃப்-1 மேலாளர்கள் எப்போதும் பார்ப்பதில்லை |
| பணம் நின்றால் | அன்றே வெளியே | பெரிய பாதிப்பில்லை | நிறுவன அணியில் பாதுகாப்பு |
| சாத்தும் கதவு | புதியவர் வாய்ப்பு, வெள்ளித் தரம் | காலம் | சூப்பர் லைசென்ஸ் புள்ளிகள் |
| தொழில் நீளம் | பெரும்பாலும் குறைவு | ஒரு நல்ல ஞாயிறைப் பொறுத்தது | பெரும்பாலும் நீளம் |

## கையெழுத்துப் போட்ட பிறகு

ஒப்பந்தம் இருந்தால் சீட் இருக்கிறது என்று நம்பாதீர்கள். கீடோ வான் டெர் கார்டே 2015 மெல்போர்னில் நீதிமன்றம் வரை போய்ச் சாபருக்கு எதிராக வென்றார். தீர்ப்பு அவர் கையில், கார் வேறிருவர் கையில். கடைசியில் இழப்பீட்டோடு விலகினார். அதன்பின் எஃப்-1 பந்தயம் ஓட்டவில்லை. பெரெஸுக்கு 2020இலும் 2024இலும் ஒப்பந்தம் மிச்சம் இருந்தபோதே வேலை போனது. ஜாக் டூஹன் 2025இல் ஆல்பீனில் ஆறே பந்தயம்.

டிரைவருக்கு ஒப்பந்தம் உதவிய உதாரணமும் உண்டு. 2022 ஆகஸ்டில் ஆல்பீன் தன் ரிசர்வ் ஆஸ்கர் பியாஸ்ட்ரியைப் பந்தய டிரைவராக அறிவித்தது. அவர் சில மணி நேரத்தில் மறுத்தார். ஒப்பந்தங்களைத் தீர்க்கும் வாரியம், அவர் மெக்லாரனோடு போட்டதுதான் செல்லும் என்றது. ஆல்பீன் உரிய காலத்தில் சரியான தாளை அவரிடம் நீட்டவில்லை. அவர் தரப்பு ஒவ்வொரு தேதியையும் கவனித்து வைத்திருந்தது. வழக்கறிஞருக்குச் செலவழிக்கும் பணம் டயருக்குச் செலவழிக்கும் பணத்தைவிட முக்கியமாகும் வயது ஒன்று வரும். அதை முன்பே ஒதுக்கி வையுங்கள்.

## யாருக்கு எது

எஃப்-2இல் முதல் மூன்று இடங்களுக்குள் வந்து, வயது 21க்குள் இருந்தால்: ரிசர்வ், ஓராண்டு, வெள்ளிக்கிழமை ஓட்டங்கள் எழுத்தில், கூடவே வேறொரு தொடர். வயது 24ஐத் தாண்டி, திறமை இருந்து, பணம் ஒரு சீசனுக்கு மட்டும் இருந்தால்: ஜப்பான், நீண்டதூரப் பந்தயம், அல்லது இண்டிகார், அந்த ஒரு சீசன் பணத்தை எஃப்-1 கடைசி வரிசையில் எரிக்காதீர்கள். இரண்டு சீசன் பணமும் நல்ல டீம்மேட்டும் திடமான அணியும் சேர்ந்து வந்தால்: சீட்டை எடுங்கள், தயங்காதீர்கள், லௌடா தயங்கவில்லை.

பணம் திரட்ட முடியாமல் ஒரு சீட் கை நழுவிப் போகும் குடும்பங்களுக்கு ஒன்று. நரேனுக்கு 2004க்கு மினார்டி சீட் பேச்சில் இருந்தது. தேவையான ஸ்பான்சர் தொகை சேரவில்லை. அவர் எஃப்-1க்குக் கீழ்நிலைத் தொடரான வேர்ல்டு சீரீஸில் இன்னோர் ஆண்டு ஓட்டி, பந்தயங்கள் வென்றார். 2005 மார்ச்சில் மெல்போர்னில், எஃப்-1 ஓட்டிய முதல் இந்தியராக, ஜோர்டான் காரில் ஏறினார்.